பாலம் தாண்டும் கோதுமை வண்டி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூட நான் இட்டுக்கட்டியதில்லை. செங்கொடி நாட்டுப் படை பட்டினியால் கலையத் தொடங்கியபோது, அந்த நாட்டு ராஜா கட்டிலோரம் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க வாங்க. இன்னும் நூறு பேர் ஓடிட்டாங்க" என்று கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அவர் மனைவி, அதாவது செங்கொடி நாட்டு ராணி, குரல் கொடுத்தாள்.

அவர் நொண்டி நொண்டி வந்து நாற்காலியில் உட்கார, அவள் பக்கத்து ஸ்டூலுக்கு மாறினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர். அதில் இந்த ஒரே ஒரு யுத்த விளையாட்டு. படை அவர் பொறுப்பு, வயலும் களஞ்சியமும் அவள் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் ஒரு கிடங்கில் மூட்டைகளோடு மாரடித்த மனுஷனிடம் களஞ்சியத்தைக் கொடுக்காமல் அவள் ஏன் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று அவர் யோசித்ததே இல்லை.

"விளைச்சல் நல்லாத்தானே இருந்துச்சு? களஞ்சியம் எப்படிக் காலி?"

"என்னைக் கேட்டா? நீங்க வாங்கிக் கட்டியிருக்கிற குதிரையைப் போய்க் கேளுங்க."

"சண்டைன்னா குதிரை வேணும்."

"குதிரைக்கு வயிறும் இருக்கு. நீங்க பாட்டுக்கு ஆளையும் குதிரையையும் சேர்த்துக்கிட்டே போவீங்க, தீனிக்கு மட்டும் என் முகத்தைப் பார்ப்பீங்க."

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். குதிரை கூடினால் கோதுமை குறைகிறது. கோதுமைக்காக ஆட்களை வயலுக்கு அனுப்பினால் எல்லையில் காவலுக்கு நாதி இல்லை. வேலைக்குப் போன காலத்தில்கூட அவருக்கு இத்தனை அசதி இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை ஜெயித்துவிட்டு அக்கடா என்று படுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கும் அதிக தூரமில்லை. ஆற்றுக்கு வடக்கே எதிரி நீலக்கொடியின் கடைசிக் கோட்டை மட்டும்தான் மிச்சம். அந்தப் பக்கத்து வயல்களையெல்லாம் போன பருவத்திலேயே எரித்தாயிற்று. இருந்தும் மதில்மேல் நீலச்சட்டை வீரர்கள் விருந்துக்கு வந்தவர்கள் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தார்கள்.

"பையன் எதைத் தின்னுட்டு இன்னும் தெம்பா இருக்கான்?"

"கண்ணு வைக்காதீங்க" என்றாள் அவள், சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி.

அவர் வரைபடத்தை வடக்கே நகர்த்தினார். பாலத்தின் மேல் ஒரு மாட்டுவண்டி ஆடி அசைந்து கோட்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மேலே கோதுமை மூட்டைகள். பின்னால் சின்னதாக ஒரு கொடி. சிவப்புக் கொடி.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நம்ம வண்டியாச்சே."

அவள் தலை நிமிரவில்லை. பொத்தான் ஏற்கனவே தைத்து முடிந்திருந்தது. சும்மா நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து நடக்குது இது?"

"நீங்க அவன் வயலை எரிச்சீங்களே, அப்பலேருந்து."

"எதிரிக்கா படியளக்கிறே?"

"நம்ம பையன்தானே."

"நம்ம பையன்தான். நம்ம கோதுமையைத் தின்னுட்டு நம்ம தலையிலயே கல்லைத் தூக்கிப் போடறான்."

"போடட்டும். சாப்பிட்டுட்டுப் போடட்டும்."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அதை எழுந்து நின்று காட்ட முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

"நன்றின்னு ஒரு வார்த்தையாவது சொல்றானா?"

"சொல்லாம என்ன? ஒவ்வொரு வண்டிக்கும் சொல்லுவான். 'தங்கள் அன்பளிப்பு கிடைத்தது, நன்றி.' ஒரு எழுத்து கூடாது, ஒரு எழுத்து குறையாது."

"வேற ஒண்ணும் பேச மாட்டானா?"

"அவன் சுபாவம் அப்படி. உங்களை மாதிரியே."

அவர் மவுஸை 'தாக்கு' என்ற பொத்தானின் மேல் கொண்டுபோய் வைத்தார். மிச்சமிருக்கும் குதிரைகளுக்கு இந்தப் பருவத்துக்குத்தான் தீனி. இப்போது விட்டால் அப்புறம் எந்தக் காலத்திலும் ஜெயிக்க முடியாது.

"இப்ப அடிச்சா கோட்டை விழுந்துடும்" என்றார்.

"விழுந்தா?"

"ஆட்டம் முடிஞ்சுடும்."

"அவன்?"

"அவன் போயிடுவான்."

"அப்புறம் நாளைக்கு நம்மகூடச் சண்டை போட யார் இருக்கா?"

பக்கத்து வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் சுற்றி, உறுமி, நின்றது. அவர் கை பொத்தான் மேலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு நகர்ந்தது.

குதிரைப்படையைக் கலைத்தார். ஈட்டிக்காரர்களை ஏர் பிடிக்க அனுப்பினார். இத்தனை நாள் திரட்டிய சேனை ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு வரிசையாக வயலில் இறங்குவதைப் பார்த்தபோது, தானே மூட்டையை இறக்கி வைத்ததுபோல முதுகு லேசாயிற்று.

"அடுத்த வண்டி எப்ப?" என்றார்.

"இப்பத்தான் ஏத்தப் போறேன்."

"ஏத்தறதுதான் ஏத்தறே, ரெண்டு மூட்டை கூடப் போடு. வளர்ற வயசு."

வண்டி பாலத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் நுழைந்ததும் திரையில் அந்த வரி வந்தது. அவருக்கு அதுதான் முதல் தடவை; அவளும் ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல அவரோடு சேர்ந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள்.

"தங்கள் அன்பளிப்பு கிடைத்தது, நன்றி."

"பாருங்க" என்றாள் அவள். "உங்களுக்கும் சொல்லிட்டான்."

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நீலக்கொடிக்காக ஆடுவது அந்தக் கம்ப்யூட்டரேதான். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது.