சக்கரத்தடி எலுமிச்சை

ஆயுத பூஜைக் காலை. பங்களா ஷெட்டில் இரண்டு கார்கள் சந்தனப் பொட்டோடு நின்றன. ஒன்று இரண்டே கதவுள்ள தாழ்ந்த கூபே, மற்றது ஆளுயர எஸ்யூவி. இரண்டும் கோடிக்கணக்கில் விலை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த டிரைவர் ஏகாம்பரம், "முதலாளியே வந்து ஏத்தட்டும்" என்று போய்விட்டார்.

"கண் சிமிட்டுறதுக்குள்ள நான் பறந்துடுவேன். நீ உன் உடம்பைத் தூக்கிட்டு ஓட முடியுமா?" என்றது கூபே.

"வேகத்தடையைப் பார்த்தாலே உனக்கு வயித்தைக் கலக்கும். நான் மலையே ஏறுவேன்" என்றது எஸ்யூவி.

கூபேயின் சக்கரத்தடியில் இருந்த பழம் நடுங்கியது. "ஐயோ, இப்பவே நசுங்கப்போறேன்!"

"பயப்படாதே தம்பி" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே வற்றிக் கறுத்துப்போன ஓர் எலுமிச்சை முழுசாகக் கிடந்தது. "போன ஆயுத பூஜைக்கு அங்க வச்சது என்னைத்தான். அன்னைக்கும் இவங்க இதையேதான் பேசிட்டிருந்தாங்க. இன்னைக்குத்தான் ஏகாம்பரம் என்னை எடுத்துப் போட்டார்."

புதுப் பழம் அந்த வற்றிய தோலையே வெகுநேரம் பார்த்தது. பிறகு கார்களிடம் கெஞ்சியது:

"அண்ணே, யாராவது ஒருத்தர் கிளம்புங்களேன்!"