சாக்குக் கழிவு

ராஜாங்கத்துக்கு நடந்தது பச்சை அநியாயம்.

125 ராத்தலுக்குள் இறங்குவதற்காக நாலு நாள் பட்டினி கிடந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உச்சி வெயிலில் ஓடி, எச்சிலைக்கூடத் துப்பித் துப்பி எடை குறைத்தவன் அவன். எதிராளி வேங்கடேசனோ நேற்று ராத்திரிகூட மூக்குமுட்டச் சாப்பிட்டவன். அவனுக்குப் போய் எடைக்காரர் ரெண்டு ராத்தலைக் கழித்து எழுதியிருக்கிறார்!

கண்டுபிடித்தவள் ராஜாங்கத்தின் தங்கை ருக்கு. சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. படிக்கிறவள். அவள் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் மூடிக்கொள்ளத்தான் வேண்டும்.

சாயங்காலம் விழுப்புரத்தில் குஸ்தி. ஜெயிக்கிறவன் மெட்ராஸ் போட்டிக்குப் போவான். ஊரெல்லாம் மேளம் அடித்துச் சொல்லியாகிவிட்டது. காலையில் எடை போட்டது மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில். லங்கோட்டோடு ஆம்பளைகள் ஏறி நிற்கிற இடமென்று ருக்குவை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

எல்லாரும் வெளியே வந்ததும் அவள் உள்ளே நுழைந்தாள். தராசுக்குப் பக்கத்தில் சிலேட்டு. ஒவ்வொருத்தருக்கும் எழுதி, கூவிச் சொல்லிவிட்டு, அழித்திருந்தார்கள். கடைசியாக ஏறினவன் கணக்கு மட்டும் அழியாமல் நின்றது.

'வேங்கடேசன் 126½. கழிவு 2. நிகரம் 124½.'

"அதென்னங்க கழிவு?" எடைக்காரர் சுப்பராயலுவை மடக்கினாள்.

அவர் தலையைச் சொறிந்தார். "இருவது வருசமா மூட்டை நிறுக்கிற கை, தங்கச்சி. மூட்டைக்கு ரெண்டு ராத்தல் சாக்குக்குக் கழிச்சிடுவோம். பழக்கதோசம், போட்டுட்டேன்."

"மனுஷன் என்ன சாக்குக்குள்ளேயா நின்னான்? லங்கோட்டு ரெண்டு ராத்தலா?"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"டேய், காலேஜ் பொண்ணு குஸ்திக்கு வந்துகினு இருக்குதுடா! எந்த எடையிலே மோதுது?" என்றது ஒரு குரல்.

"முதல்லே உன்னோடதான், வா!" என்றாள் ருக்கு.

அவள் கொதிப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. லீவுக்கு வரும்போது சிதம்பரத்திலிருந்து நாலு டின் புரோட்டீன் மாவு வாங்கி வந்து, "கேப்பைக் கூழும் மல்லாட்டையும் தின்னுட்டு எவன் மெட்ராஸ்லே ஜெயிச்சான்?" என்று வாதாடி, அண்ணனுக்குப் பாலில் கரைத்துக் கொடுத்தவள் அவள்தான். தங்கச்சி மனசு நோகக்கூடாதே என்று அவன் கூழையும் விடாமல் இதையும் குடித்தான். 124 ராத்தல் இருந்தவன் 131க்கு ஏறிவிட்டான்.

"கூடினது கொழுப்பு இல்லேண்ணே, தசை!" என்று அதற்கும் வாதாடினாள்.

"தசையா கொழுப்பான்னு தராசு கேக்காது, ருக்கு," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பட்டினியில் இறங்கினான் ராஜாங்கம்.

இப்போது அவன் உதடு வெடித்து, மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "உடு ருக்கு. நான் மோதிப் பாத்துக்கறேன்."

"நீ சும்மா இருண்ணே! நீ பட்டினி கிடந்து எறக்கினதை அவனுக்கு சிலேட்டிலே எறக்கியிருக்காங்க!"

வேங்கடேசன் கையை விரித்தான். "எம்மேலே ஏம்மா பாயறே? ஏறச் சொன்னாங்க, ஏறினேன். எறங்கச் சொன்னாங்க, எறங்கினேன்."

சத்தம் கேட்டுப் போட்டிக் கமிட்டிச் செயலாளர் அரங்கநாதன் ஓடி வந்தார். "என்னய்யா பேஜாரு இங்கே?"

ருக்கு சிலேட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "நியாயம் இங்கே என்ன விலை சார்? எழுத்து மூலமாவே புகார் தர்றேன்!"

செயலாளர் படித்தார். முகம் மாறியது. "சரிம்மா. நல்லவேளை, ரெண்டு பேரும் இன்னும் வாய் நனைக்கலே. ரெண்டு பேரையும் திரும்ப ஏத்திடுவோம். அரை ராத்தல் கூட இருந்தாலும் ஆள் வெளியே. சம்மதமா?"

"பேஷா ஏத்துங்க!"

கூட்டம் ஓவென்று கத்தியது. செயலாளர் தராசைச் சுற்றி நின்றவர்களை விலக்கப் போனார். அந்தச் சந்தடியில் சுப்பராயலு ருக்குவின் பக்கம் நகர்ந்தார்.

"வாணாம் தங்கச்சி. புகாரை வாபஸ் வாங்கிக்கோ."

"ஏன், மாட்டிக்குவோம்னு பயமா?"

"எனக்கென்ன, போனா இந்த வேலை போவும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொதல்லே தராசு ஏறினது உங்கண்ணன். 126¾ காட்டிச்சு. நிக்க முடியாம கம்பியைப் புடிச்சிக்கினு என் மூஞ்சியைப் பாத்தான். கண்ணு பஞ்சடைச்சுப் போச்சு. இன்னும் ஒண்ணேமுக்கா ராத்தலை எங்கேருந்து எறக்குவான், உசுரைத்தான் எறக்கணும். அவங்கிட்டே கூடச் சொல்லலே. ரெண்டு கழிச்சு, 'பாஸ்'னு கூவிட்டேன்."

ருக்கு சிலேட்டைத் திரும்பப் பார்த்தாள். "அப்போ... வேங்கடேசனுக்கு?"

"அவன் என்னம்மா பாவம் பண்ணான்? ஒருத்தனுக்குக் கழிச்சுட்டு இன்னொருத்தனுக்குக் கழிக்காம உட்டாத்தான் அநியாயம்."

"ம், வழி விடுங்கய்யா!" செயலாளர் திரும்பி வந்தார். "யாரை முதல்லே ஏத்தலாம்? நீயே சொல்லும்மா."

மண்டியே அவள் வாயைப் பார்த்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தான் ராஜாங்கம். முடியவில்லை. வேங்கடேசன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

ருக்கு சிலேட்டை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

"எடை கிடக்கட்டும் சார். முதல்லே ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு சோடா உடைச்சுக் குடுக்கச் சொல்லுங்க!"