கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"லேப்டாப்ப மூடுங்க சார். பாப்பா நம்மளப் பாக்குது."

"சும்மா இருங்க டாக்டர். அங்கேர்ந்து பாத்தா வெறும் முகம் பாக்கற கண்ணாடிதான்."

"நம்ம ரூம் இருட்டா இருந்தாதான். உங்க மூஞ்சியில இப்போ நிலா காயுது."

பொருளாதாரப் பேராசிரியர் சட்டென்று திரையை மடக்குகிறார். ஆய்வு மையத்தின் அந்தச் சின்ன அறை மறுபடி இருளுக்குள் போகிறது. கண்ணாடிக்கு அப்பால், விளையாட்டு அறையின் வெளிச்சத்தில், நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தனியாக நிற்கிறாள். அலமாரியின் மேல், அவளுக்கு எட்டாத உயரத்தில், மஞ்சள் பந்து ஒன்று இருக்கிறது. உதவிக்கு யாரும் இல்லாதபோது ஒரு குழந்தை எப்படி வழி தேடுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை; இங்கிருந்து ஒரு குரல் கேட்டாலும் அவளுடைய பதிவு வீண். மற்றக் குழந்தைகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்கள், சிலர் அழுதார்கள். இவள் நாற்காலியைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்துகிறாள். மூச்சுப்பட்டு ஒரு சின்ன வட்டம் வெளுக்கிறது, சுருங்குகிறது, மறுபடி வெளுக்கிறது. டாக்டர் தன்னையறியாமல் அவள் உயரத்துக்குக் குனிகிறார். "ஏறினது, அழுதது... இத எந்தக் கட்டத்துல சேக்கறது?" என்று பேராசிரியர் கிசுகிசுக்கிறார். டாக்டர் உதட்டில் விரல் வைக்கிறார். சிறுமி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டுகிறாள். ஸ்பீக்கரில் அவள் குரல் வருகிறது.

"மாமா, உள்ளதானே இருக்கீங்க? அந்தப் பந்த எடுத்துக் குடுங்களேன்."