சின்ன அடுப்பே போதும்

“இது என்ன அடுப்பா, பொம்மையா? எங்க அம்மாவோட கெட்டிலைக்கூட இதுமேல வைக்க முடியாது!” என்றாள் யாஸ்னா.

அதனால்தான் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் அந்த விறகு அடுப்பு நிவால்டோவுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் மனைவியிடம் அதைச் சொல்ல முடியுமா?

“கெட்டிலுக்குக் கரண்ட் இருக்கு. நம்மளது புது வீடு யாஸ்னா. சுவர் பூரா பஞ்சு வச்சு அடைச்சிருக்கு, ஜன்னலுக்கெல்லாம் ரெட்டைக் கண்ணாடி. பெரிய அடுப்பு வச்சா நாமளே வெந்துடுவோம். நீங்களே சொல்லுங்க அண்ணே” என்று கடைக்கார ஒஸ்வால்டோவைத் துணைக்கு இழுத்தான்.

“தம்பி சொல்றது சரிதான்மா. காத்துப் புகாத வீட்டுல பெரிய அடுப்பை எரிச்சா, ஜூலை மாசக் குளிர்ல ஜன்னலைத் திறந்துவச்சிட்டு பனியனோட உட்காரணும். சூடு தாங்காம நெருப்பை அமுக்கி வைப்பீங்க. அமுக்கினா புகை, ஊருக்குள்ள புகை விட்டா அபராதம். இது உருவத்துல சின்னது, அவ்வளவுதான். நாலு கட்டை விறகு போட்டா பின் ரூம் வரைக்கும் ஒரே மாதிரி சூடு போகும்” என்றார் ஒஸ்வால்டோ.

“கேட்டியா?” என்றான் நிவால்டோ. முகத்தில் சிரிப்பு வராமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது.

ஜூன், ஜூலையில் குளிர்காலம் வரும் தென்கோடி ஊரான ஒசோர்னோவில் பால் லாரி ஓட்டுகிறவனுக்கு ஓய்வு என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். இதுவரை இருந்த வாடகை வீட்டில் அதுவும் போச்சு. அங்கே சமையலறையில் வீட்டுக்காரருடைய ஒரு பெரிய இரும்பு அடுப்பு. அதன்மேல் கெட்டில் ஏறியதும் மாமியார் எத்தெல்மிரா ஆஜராகிவிடுவார். பின்னாலேயே மச்சான்கள், மச்சான் பெண்டாட்டிகள், பிள்ளை குட்டிகள். அடுப்பைச் சுற்றி நாற்காலி போட்டு, மாத்தே என்ற கசப்பு மூலிகைத் தேநீர்க் கோப்பையைக் கைமாற்றிக் கைமாற்றி உறிஞ்சிக்கொண்டே, பூசணி ரொட்டி பொரியப் பொரிய அவனுடைய குறைகளை ஒவ்வொன்றாக அலசுவார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு கால்பந்து ஆட்டத்தையாவது அவன் முழுசாகப் பார்த்தது கிடையாது.

ஒரே ஒரு ஆறுதல் உண்டு. பொழுது சாய்ந்ததும் மாமியார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்துவிடுவார். “என் அடுப்பு அணைஞ்சிடும், நான் வரேன்” என்பார். பலகைச் சுவர் இடுக்கிலெல்லாம் காற்று வீசும் அவருடைய வீட்டில் அந்த அடுப்பு அணைந்தால் குழாய்த் தண்ணீர்கூட உறைந்துவிடும். அதை விட்டு ஒரு ராத்திரிகூட அவர் வெளியே தங்கியதில்லை.

புது வீட்டுக்குக் கடன் வாங்கும்போதே நிவால்டோ முடிவு செய்துவிட்டான். கெட்டில் வைக்க இடமில்லாத அடுப்பு. அடுப்பைச் சுற்றி உட்கார இடமில்லை என்றால் கூட்டம் எங்கிருந்து வரும்? பின் ரூமில் ஒரு டிவி, ஒரு சாய்வு நாற்காலி. அப்பாடா என்று மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம்.

“அம்மா வருத்தப்படுவாங்க” என்றாள் யாஸ்னா.

“அதுக்கு நான் என்ன பண்றது? விஞ்ஞானம் அப்படிச் சொல்லுதே!”

யாஸ்னா அடுப்பில் தொங்கிய விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “சரி, உன் இஷ்டம். ஆனா விலை ஜாஸ்தியா இருக்கே, நான் பேசிப் பார்க்கிறேன்” என்று ஒஸ்வால்டோவை ஓரமாக அழைத்துப் போனாள்.

நிவால்டோ கடையின் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். மழையில் பழைய அடுப்புகள் கரிபிடித்துக் குவிந்து கிடந்தன. “எந்தப் புத்திசாலியோ இதையெல்லாம் தலைமுழுகிட்டான். நல்லா இருக்கணும்!” என்று தனக்குள் சிரித்துக்கொண்டான்.

திரும்பி வந்து, “கடைசியா சொல்றேன் அண்ணே, பாதி விலைன்னா எடுத்துக்கறேன்” என்று சும்மா ஒரு கல்லை விட்டெறிந்தான்.

ஒஸ்வால்டோ யாஸ்னாவைப் பார்த்தார். “சரி தம்பி, பாதி விலைக்கே எடுத்துக்கங்க.”

வீடு போய்ச் சேரும்வரை நிவால்டோ தன் பேரம் பேசும் திறமையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். யாஸ்னா எல்லாவற்றுக்கும் ‘உம்’ கொட்டினாள்.

சனிக்கிழமை காலை கொட்டும் மழையில் கடை வேன் வந்தது. ஆட்கள் அடுப்பைப் பொருத்தி, குழாயை மாட்டி, பற்றவைத்துக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க இதமான சூடு பரவியது. நிவால்டோ பின் ரூமுக்குப் போய்ச் சாய்வு நாற்காலியில் விழுந்து, காலுறையைக் கழற்றி எறிந்தான். ஜூன் மாதத்தில் வெறுங்கால்! ஆனந்தத்தில் அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்போது வேன்காரர்கள் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அதன் பின்னால் ஒரு கட்டில்.

“யோவ், இதெல்லாம் எங்களுது இல்லய்யா. வீடு மாறி வந்துட்டீங்க!” என்று எழுந்தான்.

“வீடெல்லாம் மாறல மாப்பிள்ளை” என்று குடையை மடக்கியபடி நுழைந்தார் மாமியார் எத்தெல்மிரா. மறுகையில் கெட்டில். அறையைச் சுற்றிப் பார்த்தவர் சுவரைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். “அட, யாஸ்னா சொன்ன மாதிரி பின் ரூம்கூட கதகதன்னு இருக்கே. கட்டிலை ஜன்னலோரமா போடுங்கப்பா. அந்த டிவியைக் கொஞ்சம் வெளிய எடுத்துடுங்க.”

“அத்தை... சாயங்காலம் நீங்க போகணுமே? உங்க அடுப்பு அணைஞ்சிடுமே?”

“எந்த அடுப்பு மாப்பிள்ளை? பழைய அடுப்பைக் குடுத்தா புதுசு பாதி விலைன்னு ஒஸ்வால்டோ சொன்னாராம், அதான் என்னோடதை உனக்காகக் குடுத்துட்டேனே!”