கடிவாளம் மாட்டத் தெரியாதவள்

"என்னங்க, இதுல எது மேல, எது கீழன்னே புரியலையே!" லாயத்துக்குள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் வாசலிலேயே நின்றான். போன வருஷம் இங்கே வேலை பார்த்தபோது அவனைக் கீழே தள்ளியது, அவள் முன்னால் நின்ற அந்தக் குதிரைதான். முறிந்த கால் கூடிவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. குதிரைப் பக்கமே போகாதே என்று கெஞ்சிக் கேட்டுத்தான் அவளை இங்கே போன் எடுக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தான்.

"உனக்கெதுக்கு இந்த வேலை?"

"ஆளில்லைன்னு முதலாளி கடிவாளம் மாட்டச் சொன்னாருங்க. வாயைத் திறக்கவே மாட்டேங்குது."

"இரும்பைப் பல்லுல இடிக்காத. கடைவாய்ல பல்லில்லாத இடத்துல கட்டைவிரலை வை. ஐயோ, காதை மடக்காதடி, வலிக்கும்!"

பொறுக்கமாட்டாமல் விறுவிறுவென்று உள்ளே வந்து கடிவாளத்தைப் பிடுங்கினான். அவன் விரல் பட்டதும் குதிரை சமர்த்தாக வாயைத் திறந்தது. காதுகளைப் பதமாக நுழைத்து, தொண்டை வாரில் நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டினான். குதிரை அவன் தோளில் மூக்கை உரசியது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, தினமும் பன்னிரண்டு குதிரைக்கும் தனியா மாட்டுறவ, இன்னைக்கு ஆள் வச்சுக்கிட்டியா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்தாள். அவன் அவளுடைய கையைப் பிடித்து விரித்துப் பார்த்தான். உள்ளங்கை முழுக்க வார் இழுத்த காய்ப்பு.

"நாளையிலேருந்து ஆறு எனக்கு, ஆறு உனக்கு" என்றான்.