கயாக் பார்க்க வந்தவன்

“இதென்ன அண்ணை, இந்த ஆட்டம் ஆடுது!”

கயாக் என்ற அந்த ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏறிக் குந்திய றெக்ஸ், இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ ஆற்றங்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்ற ஹென்றி, “பழசுதானே தம்பி” என்று தலையைச் சொறிந்தார்.

அந்தக் கயாக்கை விற்கச் சொல்லி மனுசனின் உயிரை எடுத்தது கரையில் கதிரை போட்டு இருக்கிற மனைவி இமெல்டாதான். “வீட்டில ஒண்டில் அது இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும்!”

அவவைச் சொல்லியும் குற்றமில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் தலைமன்னாரில் படகேறி, இராமேசுவரம் போய்ச் சேருவமா மாட்டமா என்று விடியவிடிய அழுதவ. அதற்குப் பிறகு கடலிலோ ஆற்றிலோ கால் நனைத்ததில்லை. ஹென்றி கயாக்கோடு போனால், திரும்பி வருமட்டும் அவ செபமாலையும் கையுமாக ஜன்னலடியில்தான்.

ஹென்றியோடு வேலை செய்கிற பொடியன் ஒருத்தன் புரோசார்டிலிருந்து கயாக் பார்க்க வருகிறான் என்றதும், சந்தோசத்தில் றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தா. சனியன் தொலைந்தால் சரி!

றெக்ஸ் கரையோரமாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான்.

“ஓட்டமும் காணாது அண்ணை. இந்த நீட்டு நீட்டைத் திருப்பி முடிக்கிறதுக்கிடையில கோடை முடிஞ்சிடும். சுக்கானும் கறள் பிடிச்சுக் கிடக்கு.”

“ஓம், ஓம்” என்றார் ஹென்றி.

இமெல்டாவுக்குச் சுருக்கென்றது. விற்க வந்த மனுசன் இப்படியா தலையாட்டுறது?

றெக்ஸ் இறங்கிவந்து ஒரு றோல்ஸைக் கடித்தபடி சிரித்தான். “உதையும் ஒரு சாமான் எண்டு வாங்கியிருக்கிறியளே! உங்களுக்கு ஒண்டும் தெரியாதண்ணை.”

அவ்வளவுதான். இமெல்டா கதிரையை விட்டு எழும்பினா. மனுசனை அவ நாள் முழுக்கப் பேசுவா, அது வேறை கதை. வேறையொருத்தன் பேச விடுவாவா?

“தம்பி, இருக்கத் தெரியாமல் இருந்துபோட்டுச் சாமானைக் குறை சொல்லாதையும்! உது தூரப் பயணத்துக்கெண்டு செய்தது. ஒடுக்கம், அதால முதல் ஆடும். சரிஞ்சால் பேந்து பிடிச்சுக்கொள்ளும். நேரா ஓடத்தான் அந்த நீட்டு!”

ஹென்றி சாப்பாட்டு மேசையில் சொல்லும்போதெல்லாம் காது கேளாத மாதிரி இருந்தவ, ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தா.

“வாயால சொல்லலாம் அக்கா. ஆர் ஏறிக் காட்டுறது?”

“ஏன், நான்தான்!”

“இமெல்டா, உமக்கேன் உந்த வேலை?” என்றார் ஹென்றி.

“நீங்கள் சும்மா இருங்கோ. அந்த லைஃப் ஜாக்கெட்டைத் தாங்கோ!”

ஏறினா. கயாக் ஆடியது. “மடு மாதாவே!” என்று அவ போட்ட சத்தத்தில் வாத்துகள் எழும்பிப் பறந்தன. ஹென்றி பின்பக்கத்தைப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் கூடவே நடந்தார்.

கயாக் ஒருபக்கம் சரிந்தது. பிறகு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. இமெல்டா அடக்கிய மூச்சை விட்டா. துடுப்பை மெல்லப் போட்டா. பிறகு வலித்துப் போட்டா.

“கையை விடுங்கோப்பா! நீங்கள் பிடிச்சுப் பிடிச்சு அதின்ர ஓட்டத்தைக் கெடுக்கிறியள்!”

ஹென்றி கையை விட்டார். கயாக் கோடு கீறின மாதிரி நேரே போனது. ஒரு சுற்று. பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு சுற்று.

துடுப்பால் தெறித்த தண்ணீர் தலையிலிருந்து வடிய, வாயெல்லாம் பல்லாகக் கரைக்கு வந்தா இமெல்டா.

“பார்த்தீரோ தம்பி? உமக்கு இது தாறதில்லை. ஒருத்தருக்கும் விக்கப்போறதில்லை. நீர் போகலாம்!”

கடைசி றோல்ஸை எடுத்துக்கொண்டு றெக்ஸ் சிரித்தான். “எனக்கேன் அக்கா கயாக்? ‘எத்தினை வருசமாக் கெஞ்சியும் மனுசி தண்ணிக்குக் கிட்ட வாறாளில்லை, என்னை ஆரும் குறை சொன்னால் மட்டும் துள்ளிக்கொண்டு இறங்குவாள், நீ வந்து நாலு குறை சொல்லு’ எண்டு அண்ணைதான் என்னை வரச் சொன்னவர்!”