ஒரே வட்டி

நானும் மனைவி தவமலரும் ஒரே நாணயம் புழங்கும் இரண்டு நாடுகளில் வேலை செய்கிறோம். அந்த நாணயத்தின் மத்திய வங்கி எல்லா நாடுகளுக்கும் ஒன்றாய் வட்டியை உயர்த்தியது. இங்கே எல்லாம் கடனில்தான் கட்டுகிறார்கள், எங்கள் கட்டட வேலை நின்றது; அவளை இங்கே கூப்பிட்டுக்கொள்ள நான் கேட்ட வீட்டுக் கடனும் இல்லையென்றானது.

"இஞ்ச ஒண்டும் நிக்கேல்லையப்பா. உங்கட வட்டிக்கு மட்டும் கொம்பு முளைச்சிருக்கோ?" என்றாள் தொலைபேசியில். சிரித்தேன்.

"அப்ப, நான் எப்ப வாறது?"

வேலைத்தள வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வேலை நின்றால் கோபுரக் கிரேனின் கையைப் பூட்டமாட்டார்கள். காற்று சாய்த்துவிடும் என்று, காற்றோடு தானாய்த் திரும்பும்படி விட்டுவிடுவார்கள். ஆளில்லாத அந்த நீளக் கை அவளுடைய நாடு இருக்கும் திசைக்கு மெல்ல வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறும்," என்றேன். "இப்பதான் உம்மட பக்கம் திரும்புது."